கிராம்பு எண்ணெய்க்குக் கிடைத்த கப்பு

கிராம்பு எண்ணெய் கிருமியைத் தடுக்குமா என்று யாராவது என்னிடம் கேட்டால், தடுக்கும் என்றுதான் சொல்வேன். கண்ணால் பார்த்தவள் நான். சாதாரண ஊசி எதற்கும் மசியாத கிருமியை, கிட்டே கூடப் போகாமல், வெறும் வாசனையாலேயே அது அடக்கி உட்கார வைத்தது. அதற்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கப்பும் கிடைத்தது. இன்றைக்கும் அது வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

அதைப் பற்றி எழுதச் சொல்லித்தான் ஷைனி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற லேபில் இப்போது வேலை பார்க்கிற பெண். "மீனாட்சி சேச்சி, இன்னைக்குப் பேப்பர் பார்த்தீங்களா? கிராம்பிலே இருக்கிற சத்து, மருந்துக்கு அடங்காத கிருமி வளர்றதைக் குறைக்குமாம். எங்கேயோ இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம சாரம்மா டாக்டர் அந்தக் காலத்திலேயே செஞ்சாச்சே! ஆஸ்பத்திரி மலருக்கு நீங்க ஒண்ணு எழுதணும். பெருமையா இருக்கும்" என்றாள்.

மலருக்கு மலையாளத்தில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெருமையெல்லாம் அதில் இருக்கிறது. மிச்சத்தை இதில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் எங்கள் நிர்வாகத்தில் ஒருத்தராலும் படிக்க முடியாது. என் பிள்ளைகளே தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும், மலையாளப் பேப்பர் என்றால் மடமடவென்று ஓடும். அதனால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா கொச்சி முனிசிபாலிடியில் தண்ணீர்ப் பம்பு ஓட்டியவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பத்தாவது முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, மட்டாஞ்சேரியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மலம், மூத்திரம், சளி, சீழ் என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு ஆஸ்பத்திரியிலே என்ன வேலை?" என்று கேட்டபோது அம்மா "எழுத்து வேலை" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் என் கதை.

சாரம்மா டாக்டர்தான் லேபுக்குத் தலைவி. கிருமி இயலில் பெரிய படிப்புப் படித்தவர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, லேபுக்குள் மட்டும் போடுவதற்கென்று ஒரு ரப்பர்ச் செருப்பு. காலையில் வந்ததும் யாரிடமும் பேச மாட்டார். நேராக இன்குபேட்டரைத் திறப்பார். அது கிருமிகளை உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்க்கிற பெட்டி. அடை காக்கிற கோழி மாதிரிதான். முந்தின நாள் நாங்கள் நோயாளியின் சீழைக் கம்பி முனையில் தொட்டு, ரத்தம் கலந்த அகார்க் கூழ் உறைந்த தட்டில் கோலம் போடுகிற மாதிரி இழுத்து, மூடி, கவிழ்த்து உள்ளே வைத்திருப்போம். ராத்திரி முழுக்க இருந்தால் கிருமி இருக்கிற இடத்தில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். டாக்டர் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். நல்ல வேலை என்றால் "ம்". மோசமான வேலை என்றாலும் "ம்"தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட எனக்கு வருஷக் கணக்கானது.

ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறந்து திட்டுவார். ஒன்றும் முளைக்காத தட்டுக்கு ரிப்போர்ட்டில் "கிருமி இல்லை" என்று எழுதிவிட்டால் போச்சு. "இல்லைன்னு சொல்ல நீ யாரு? தெய்வமா? வளரலைன்னு எழுது. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்பார். நாங்களும் பயந்து "வளரவில்லை" என்றே எழுதுவோம். அதை வார்டில் வாங்கிப் படிக்கிற டாக்டர்கள் எல்லாரும் "ஆ, கிருமி இல்லை" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அவர்களைத் திட்ட இவருக்கு அதிகாரம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வார்டுகளில் ஒரு கெட்ட கிருமி புகுந்தது. புண்களில் சீழ் பிடிக்க வைக்கிற சாதாரண ஜாதிதான், ஆனால் இது நாங்கள் வைக்கிற மருந்து வில்லைகளை மதிப்பதே இல்லை. தட்டில் மருந்து தோய்த்த காகித வில்லையை வைத்தால், மருந்து பலித்தால் சுற்றிலும் கிருமி முளைக்காத ஒரு வெற்று வட்டம் விழும். இந்தக் கிருமி வில்லையின் விளிம்பு வரைக்கும் வந்து, அதன்மேல் ஏறி உட்காராத குறைதான். விலை கூடின ஒரே ஒரு ஊசி மருந்துக்கு மட்டும் கொஞ்சம் பயந்தது.

அப்போதுதான் டாக்டருக்கு அந்த யோசனை வந்தது. ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால் சுக்கு, மிளகு, ஏலம், கிராம்பு. மட்டாஞ்சேரி பஜார் முழுக்க மசாலாச் சரக்குக் கிடங்கு. அதையெல்லாம் இந்தக் கிருமியிடம் காட்டிப் பார்த்தால் என்ன? பஜாரில் ஒரு சேட்டு எண்ணெய்களைச் சும்மாவே கொடுத்தார். "டாக்டர், சரியா வந்தா கப்பல் கப்பலா அனுப்பலாம்" என்று அவர் கணக்கு அவருக்கு.

டாக்டர் செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, அதனால் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைப்பார். உடனே, "ஸ்பிரிட்டே கிருமியைக் கொல்லுமே, பெருமையை எண்ணெய் வாங்கிக்கிட்டா?" என்று தானே கேட்டு, வெறும் ஸ்பிரிட் வில்லையும் பக்கத்தில் வைப்பார். ஒவ்வொரு தட்டிலும் இப்படி ஒரு சாட்சி. மஞ்சள் ஏமாற்றியது. மிளகு சுமார். கிராம்பு வைத்த தட்டைப் பார்த்தபோதுதான் டாக்டர் "ம்" என்று சொல்லாமல், "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வாயிலிருந்து அதைக் கேட்டு நானும் இன்னொரு டெக்னீஷியனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அதோடு விடவில்லை. தட்டின் மூடிக்குள் ஒரு காகிதத்தை ஒட்டி அதில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். எண்ணெய் மேலே, கிருமி கீழே, ஒன்றையொன்று தொடவில்லை. மறுநாள் பார்த்தால் தட்டு சுத்தம். இன்னும் ஒரு நாள் விட்டபோது ஊசிமுனை மாதிரிப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. ஆக, அது கொல்லவில்லை, வளர்ச்சியைத்தான் இழுத்துப் பிடிக்கிறது. அதுவும் தொடாமலே, காற்று வழியாக! டாக்டர் அன்றைக்குக் குழந்தை மாதிரி இருந்தார். "மீனாட்சி, மூடின பெட்டிக்குள்ளே இதோட ஆவி மட்டும் போதும்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த வாசகத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் அர்த்தம் புரிய எங்களுக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

ஆராய்ச்சிக்கென்று தனி இன்குபேட்டர் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். ஆஸ்பத்திரி சூப்பிரண்டு மேஜையில் அந்த ஃபைல் படுத்துத் தூங்கியது. அதுவரை எண்ணெய்த் தட்டுகளுக்கென்று கடனாக வாங்கி வைத்திருந்த பழைய பெட்டியும் ஒரு நாள் உயிரை விட்டது. அந்தச் சமயம் பார்த்து டாக்டரின் மகளுக்கு வடக்கே பிரசவம். கிளம்புகிற அவசரத்தில், "கொஞ்ச நாளைக்கு எண்ணெய்த் தட்டுகளை ஆஸ்பத்திரிப் பெட்டியிலேயே கீழ்த்தட்டில் வெச்சுக்கோ. பிராஜெக்ட் நின்னு போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். போனவர் மாசக் கணக்கில் வரவில்லை. பேரக்குழந்தைக்கு மஞ்சள் காமாலை, மகளுக்குக் காய்ச்சல்.

அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல காலம் பிறந்தது.

சீழ் போட்ட தட்டுகள் ஒவ்வொன்றாக "வளரவில்லை" என்று வர ஆரம்பித்தன. அந்தக் கெட்ட கிருமி சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலி செய்துவிட்டது. பச்சை நிறத்தில் முளைக்கிற வேறொரு முரட்டுக் கிருமி மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்ததால் பெட்டியின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சீழைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் திராட்சைக் குலை மாதிரி கிருமி தெரிந்தது. டாக்டருக்குப் பதில் பொறுப்பாக எறணாகுளத்திலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த இளைய டாக்டர், "அதெல்லாம் மருந்துல செத்த கிருமி" என்று சொல்லிவிட்டுப் படகைப் பிடிக்க ஓடினார். பெட்டியைச் சோதிக்க நாங்களே வளர்க்கிற நல்ல கிருமி ஒன்று உண்டு. அதுகூடச் சுணங்கியது. வயசாகிவிட்டது போலும் என்று வேறு வாங்க எழுதிப் போட்டோம். இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது எனக்கே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சூப்பிரண்டுக்குத் தலைகால் புரியவில்லை. வார்டில் தரை துடைக்கிற மருந்தை மாற்றியது அவர்தான், அதனால்தான் கிருமி ஓடியது என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். தலைமை நர்ஸ், தான் போட்ட கைகழுவுகிற சட்டம்தான் காரணம் என்று சொன்னார். இரண்டு பேருக்கும் அந்த வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஊரில் ஒரு சங்கம், புண்ணில் சீழ் வைப்பது குறைந்த ஆஸ்பத்திரிக்கு வருஷா வருஷம் ஒரு கப்பு கொடுக்கும். இந்த வருஷம் அது நமக்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

இந்த நல்ல காலத்தில்தான் முருகேசன் வந்து சேர்ந்தான்.

கம்பத்துக்காரன். பஜாரில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். கொதிக்கிற சாம்பார் அண்டா சரிந்து வலது கால் முன்பாதம் பூராவும் வெந்து போயிருந்தது. சர்க்கரையும் இருந்தது, இங்கே வந்த பிறகுதான் அவனுக்கே தெரியும். சீழ் எடுக்க நான் வார்டுக்குப் போனபோது, தமிழ்ப் பேச்சுக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நம்ம ஊரா நீங்க?"

"மட்டாஞ்சேரிதான் என் ஊர். வாய் மட்டும் தமிழ்."

"அது போதும்க்கா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காலு தேறிடும்ல? எனக்குக் கல்லு முன்னாடி நிக்கிறதுதான் பொழப்பு. காலையில நின்னா ராத்திரிதான் உக்காருவேன். கையி போனாக்கூட கரண்டியக் கட்டிக்கிட்டு ஊத்திருவேன். காலு போச்சுன்னா அம்புட்டுத்தான்."

பக்கத்தில் அவன் பெண்டாட்டி பாண்டியம்மா நின்றாள். "வாயக் கழுவுங்க. கையி போனா, காலு போனான்னுக்கிட்டு" என்று அதட்டினாள். என் கையிலிருந்த தட்டைப் பார்த்து, "இட்லித் தட்டு மாதிரியே இருக்கே, இதுலயா கிருமிய அவிக்கிறீங்க?" என்று முருகேசன் கேட்டான். அவிப்பதில்லை, வளர்ப்போம் என்றேன். "கிருமிய வளக்கிறதுக்குச் சம்பளமா!" என்று வியந்தான்.

புண்ணில் தோல் ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் கெட்ட கிருமி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இருந்தால் ஒட்டு நிற்காது. சர்ஜன் வினயன் சார் நல்ல மனிதர், கவனமானவர். எங்கள் ரிப்போர்ட்டுக்காகவே காத்திருந்தார். வந்தது. வளரவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்.

ஒட்டு அழுகியது. கட்டைப் பிரித்தபோது தோல் கஞ்சியில் ஊறின காகிதம் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. நாற்றம். வினயன் சார் லேபுக்கே வந்து, "கிருமி இல்லாம எப்படி அழுகும்? நல்லாப் பாருங்க" என்று கத்தினார். மறுபடி சீழ் எடுத்தோம், மறுபடி போட்டோம். வளரவில்லை. சர்க்கரையால் இருக்கும் என்று எல்லாரும் சேர்ந்து சர்க்கரைமேல் பழியைப் போட்டோம். முருகேசனுக்குக் காய்ச்சல் ஏறியது. "அக்கா, கிருமி இல்லன்னுதான சொன்னீங்க?" என்று அவன் கேட்டபோது, "வளரலைன்னு சொன்னோம்" என்று திருத்தாமல் அவன் போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் சாரம்மா டாக்டர் திரும்பி வந்தார். லேப் வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்தபடி நின்றுவிட்டார்.

"மீனாட்சி, யாரு இங்கே கிராம்பு அரைக்கிறது?"

"யாரும் இல்லையே மேடம்."

"கள்ளம் சொல்லாதே. பிரியாணிக் கடை மாதிரி மணக்குது."

எங்களுக்கு ஒன்றும் மணக்கவில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எதிரே இருக்கிற ஐலண்டிலிருந்து படகில் வருகிற வெளியூர்க்காரர்கள் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் கால் வைக்கும்போதே மூக்கை உறிஞ்சி, "ஆகா, என்ன வாசனை!" என்பார்கள். எங்களுக்கு என்ன வாசனை என்றே தெரியாது. பிறந்ததிலிருந்து சுக்கும் கிராம்பும் காற்றோடு உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறது. வேறே ஊர் லேபாக இருந்திருந்தால் முதல் நாளே பெருக்க வருகிறவள்கூடக் கண்டுபிடித்திருப்பாள். டாக்டரும் எங்கள் கூடவே இருந்திருந்தால் அவர் மூக்கும் எங்கள் மூக்காகத்தான் இருந்திருக்கும். இரண்டு மூன்று மாசம் வடக்கே இருந்ததில் அவருக்குப் புது மூக்கு முளைத்திருந்தது.

அந்த மூக்கு சொன்ன வழியில் நடந்தார். மேஜை தாண்டி, ஃபிரிட்ஜ் தாண்டி, இன்குபேட்டர் முன்னால் போய் நின்றார். கதவைத் திறந்து முகத்தை உள்ளே கொடுத்தார். கீழ்த்தட்டு நிறைய எண்ணெய்த் தட்டுகள். மேல்தட்டுகள் நிறைய நோயாளிகளின் தட்டுகள். சட்டென்று திரும்பவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்டெ தெய்வமே" என்றார். "மூடின பெட்டி. ஆவி மட்டும் போதும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது, கீழ்த்தட்டின் ஆவி மேல்தட்டுகளையும் அடக்கியிருக்கிறது.

நேற்றைய தட்டுகள் எங்கே என்று கேட்டார். கொதிக்க வைத்துக் கொட்டுவதற்காக டிரம்மில் கிடந்தன. கையுறை மாட்டிக்கொண்டு அவரே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். ஜன்னலோரமாக மேஜையில் அடுக்கினார். மேட மாச வெயிலில், அதாவது நம் சித்திரை வெயிலில், கொச்சியில் மேஜையே இன்குபேட்டர்தான், பெட்டி எதற்கு. மறுநாள் காலையில் வந்து பார்த்தோம். எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த கிருமி, தட்டுக்குத் தட்டு பொன்னிறத்தில் மொட்டு மொட்டாக உட்கார்ந்திருந்தது. முருகேசன் தட்டில்தான் ரொம்ப அமோகம். எங்கள் எண்ணெய் சாதித்துவிட்டது. நோயாளியின் உடம்பில் ஒரு கிருமியைக்கூட அது தொடவில்லை. எங்கள் கண்ணுக்கு மட்டும் மறைத்து வைத்திருந்தது.

டாக்டர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கையைக் கழுவினார், செருப்பை மாற்றினார், சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டு, "வா, தமிழ் சொல்ல ஆள் வேணும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்கு நடந்தார். வழியில் சூப்பிரண்டு கையை விரித்து மறித்தார். "டாக்டரே, உள்ளுக்குள்ளே சரி பண்ணிக்கலாம். நோயாளிகிட்ட எதுக்கு? சர்க்கரைன்னு சொல்லியாச்சு. அவங்களும் சம்மதிச்சாச்சு."

"சர்க்கரைக்கு வாய் இருந்தா என்ன சொல்லும்?" என்று கேட்டுவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

கட்டில் பக்கத்தில் வினயன் சாரும் இருந்தார்; டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழிலேயே பேசினார். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

"முருகேசா, எங்க ரிப்போர்ட் தப்பு. கிருமி இருந்தது. முதல்லேயே இருந்தது. நாங்க பார்க்கல. பார்க்க முடியாத மாதிரி செஞ்சதும் நான்தான். கிருமி வளர்க்கிற பெட்டியிலே என் கிராம்பு எண்ணெயை வெக்கச் சொன்னது நான், அதோட வாசத்திலேயே கிருமி முளைக்காம அடங்கிருச்சு. ஒட்டு அழுகினது வினயன் டாக்டர் தப்பில்லை. சர்க்கரையும் இல்லை."

வினயன் சார் தலையைக் குனிந்துகொண்டார். முருகேசன் அவரையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப காலு?"

"விரல் எல்லாம் போகும். முன்பக்கம் போகும். குதிகாலைக் காப்பாத்தப் பார்க்கிறோம். இந்தக் கிருமி பயப்படுற ஊசி ஒண்ணு இருக்கு. இன்னைக்கே ஆரம்பிக்கிறோம்."

பாண்டியம்மா அதுவரை புரியாமல் நின்றவள், சட்டென்று முன்னால் வந்தாள். "இருங்க டாக்டரம்மா. அந்த எண்ணெ வாசத்துக்கே கிருமி அடங்கிருச்சுன்னு சொல்றீங்க. பெட்டிக்குள்ள இருந்த கிருமியெல்லாம் அடங்கிச்சு. அப்ப அத இவரு காலுல ஊத்த வேண்டியதுதானே? வெளிய வச்சு என்னத்துக்குப் பாக்குறீங்க?"

அந்த வார்டில் அதைவிட நியாயமான கேள்வியை நான் கேட்டதில்லை. டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அடக்கி வைக்கும் பாண்டியம்மா, கொல்லாது. கொல்ற அளவுக்கு ஊத்தினா கிருமிக்கு முன்னாடி சதை வெந்து போகும். இன்னும் எவ்வளவு, எப்படின்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாததை உன் புருஷன் கால்லே செஞ்சு பார்க்க மாட்டேன். ஒரு தடவை செஞ்சதே போதும்."

பாண்டியம்மா கையை உதறிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் ஓவென்று அழுதாள். முருகேசன் கட்டுப் போட்ட காலையே பார்த்தான். பிறகு, "குதிகாலு நின்னா நிக்க முடியுமாக்கா?" என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்றைக்கு லேபிலிருந்து போன எல்லாப் பதிலும் அதுதான்.

குதிகால் நின்றது. முன்பாதம் போனது. டாக்டர் மற்ற நோயாளிகளின் சீழையெல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தார், பலருக்கு அதிர்ஷ்டம், புண் தானாகவே ஆறியிருந்தது. எண்ணெய் ஆராய்ச்சியை அவரே நிறுத்தினார். அதற்கு அடுத்த வாரம் தனி இன்குபேட்டருக்கு அனுமதி வந்துவிட்டது. நாலு பேர் தூக்கி வந்து, ரிப்பன் வெட்டி, தேங்காய் உடைத்து வைத்தார்கள். உள்ளே வைக்க ஒன்றும் இல்லாததால் நெடுங்காலம் அதில் எங்கள் குடைகள் இருந்தன.

கப்பை வாங்கக் கூடாது என்று டாக்டர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். சூப்பிரண்டு சிரித்தார். "பேரு பொறிச்சாச்சு டாக்டரே. பொறிச்ச பேரை எப்படி அழிக்கிறது? சங்கக்காரங்களுக்கும் சங்கடம்." விழா நடந்தது. சூப்பிரண்டு மேடையில் கப்பைத் தூக்கிக் காட்டிய நேரத்தில் டாக்டர் வார்டில் முருகேசன் காலுக்குக் கட்டு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வேலை அது இல்லை. ஆனாலும் நின்றார்.

பழைய ஓட்டல்காரர் அரைப் பாதம் உள்ள மாஸ்டரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிற்க வேண்டிய வேலையாயிற்றே. கொஞ்ச காலம் கழித்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் ஒரு தள்ளுவண்டி முளைத்தது. கல்லுக்கு முன்னால் ஒரு உயரமான ஸ்டூல், அதில் முருகேசன். பாண்டியம்மா சட்னி அரைத்தாள். டாக்டர் ஓய்வு பெற்று மகளிடம் போகிற வரைக்கும் தினமும் காலையில் அங்கேதான் தோசை சாப்பிட்டார். அவர் ஒன்றும் பேச மாட்டார், இவனும் பேச மாட்டான். வட்டமாக ஒன்று ஊற்றி வைப்பான். அவர் சாப்பிட்டு முடித்து "ம்" என்பார். அது எந்த "ம்" என்று எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற நாளில் வரவேற்பறையில் கூட்டம் வைத்தார்கள். வடைக்கும் தோசைக்கும் முருகேசனைச் சொல்லியிருந்தார்கள். புதிய சூப்பிரண்டு, நல்ல பேச்சாளர், கண்ணாடி அலமாரியைக் கை காட்டி, "மீனாட்சி சேச்சியின் காலத்தில்தான் நம் ஆஸ்பத்திரி இந்தக் கப்பை வாங்கியது. நம் லேபின் பொற்காலம்! இளையவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். ஷைனிதான் ரொம்பப் பலமாகத் தட்டினாள். எனக்குக் காது சுட்டது.

முருகேசன் சட்னி வாளியோடு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவனுக்கு மலையாளம் நன்றாகவே வரும். கூட்டம் கலைந்ததும் அரைப் பாதத்துக்கென்று செய்த கட்டைச் செருப்பில் விந்தி விந்தி என்னிடம் வந்து, தட்டில் ஒரு தோசையை வைத்துவிட்டு, அலமாரிக்குள் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அந்தக் கப்புல பாதி என்னோடதுங்க. இப்பிடி தூசி படிஞ்சு கெடக்கு பாருங்க. தொடைச்சு வைக்கச் சொல்லுங்க."

அலமாரிச் சாவி கேட்டேன். யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.